டர்ன்டேபிளுக்கு 3 லட்சமா? முதல்ல உங்க இசைத்தட்டுகளை எடுத்துப் பாருங்க!

“பட்ஜெட் 3 லட்சம். எந்த டர்ன்டேபிள் வாங்கலாம் சார்?”

இசைத்தட்டு சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பதிலும் உடனே வரும். ஒருவர் பெல்ட் டிரைவ் என்பார். இன்னொருவர் டைரக்ட் டிரைவைத் தவிர மற்றதெல்லாம் வீண் என்பார். மூன்றாமவர், “5 லட்சமா ஆக்கிடுங்க, அப்புறம் ஆயுசுக்கும் கவலை இல்லை” என்பார். கேட்டவர் வீட்டில் என்னென்ன தட்டுகள் இருக்கின்றன என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

என்னைக் கேட்டால் அந்த விசாரணையில்தான் ஆரம்பிக்க வேண்டும். டர்ன்டேபிள் ஒரு வாசிப்புக் கருவி. வாசிக்கப் போகிற பொருள் எது, அது என்ன நிலைமையில் இருக்கிறது என்று தெரியாமல் கருவிக்கு விலை பேசுவது, யாருக்கு என்று தெரியாமல் மூக்குக் கண்ணாடி வாங்குவது மாதிரி. அதிலும் நம் ஊரில் டர்ன்டேபிள் தேடுகிறவர்களில் பாதிப் பேர் புதுத் தட்டுகளுக்காக வாங்குவதில்லை. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன எச்.எம்.வி., இன்ரிகோ, எக்கோ தட்டுகளைக் கேட்பதற்காக வாங்குகிறார்கள். அந்தத் தட்டுகள் திரும்பக் கிடைக்காது. தவறான ஊசி பட்டு ஒரு தட்டு தேய்ந்தால் அதைச் சரிசெய்ய உலகத்தில் எந்த மெக்கானிக்காலும் முடியாது.

பெரிய விலை எங்கே போகிறது?

எல்.பி. தட்டில் ஓடும் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலம். 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் ஊசி 400 மீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் உள்ள நெளிவுகள்தான் பாட்டு. மிகச் சன்னமான நெளிவுகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இதில் டர்ன்டேபிளுக்கு உள்ள வேலைகள் மூன்று: தட்டைச் சீரான வேகத்தில் சுற்ற வேண்டும், ஊசி ஏறிய கையை உறுதியாகப் பிடிக்க வேண்டும், வெளி அதிர்வை உள்ளே விடக் கூடாது. பாட்டைப் படிப்பது ஊசிதான். டர்ன்டேபிள் அதற்கு ஒரு நல்ல மேஜை.

மேஜை ஆடக் கூடாது, சரி. ஆனால் எவ்வளவு விலைக்கு மேல் மேஜை ஆடாமல் இருக்கும்?

டெக்னிக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1979-ல் வந்த அதன் எஸ்.எல்.-1200 எம்.கே.2, டிஸ்கோ கிளப்புகளில் உழைத்தே பேர் வாங்கிய மாடல். சுழற்சி வேகம் ஏறி இறங்கும் அளவு, நிறுவனக் கணக்கில் 0.025 சதவீதம். 2010-ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2016-ல் புது மோட்டார், பித்தளைத் தகடு பதித்த கனமான தட்டு எல்லாம் சேர்த்து எஸ்.எல்.-1200ஜி என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க விலை 4,000 டாலர். அடுத்த வருடம் 1,700 டாலருக்கு அதன் தம்பி ஜி.ஆர். வந்தது. மூன்றுக்கும் அறிவித்த வேகப் பிசகு அதே 0.025 சதவீதம்தான்! ஜி மாடல் ஒசத்தியான பொருள் என்பதில் சந்தேகமே இல்லை. அதன் கையும் தாங்கிகளும் இன்னும் நேர்த்தியானவை. ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோது, காதுக்கு முதலில் தெரியக்கூடிய குறை ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது.

இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம். அவர்களுடைய எல்.பி.12, 1970-களின் தொடக்கத்திலிருந்து இன்று வரை அதே அடிப்படை வடிவத்தில் வருகிறது. பழசை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பாகமாக மேம்படுத்தலாம். 50-ம் ஆண்டையொட்டி 2023-ல் ஐபோன் வடிவமைப்பாளர் ஜானி ஐவின் குழுவோடு சேர்ந்து 250 மட்டும் செய்து விற்றார்கள். ஒன்று 50,000 பவுண்டு. நம்ம காசுக்கு 50 லட்சத்தைத் தாண்டும். அதை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தங்கத்தில் கைக்கடிகாரம் கட்டுவதில்லையா? மணி பார்க்க என்று மட்டும் சொல்லக் கூடாது.

லின்னின் நிறுவனர் ஐவர் டீஃபன்பிரன் ஒரு கொள்கையை ஊரெல்லாம் பரப்பினார்: ஒலி புறப்படும் இடத்தில் தொலைந்ததை ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ திருப்பித் தர முடியாது, அதனால் முதல் செலவு டர்ன்டேபிளுக்கு. கொள்கை சரி. ஆனால் ஒலி புறப்படும் இடம் ஊசியும் தட்டும் தொடும் புள்ளி. அதிலிருந்து ஒரு அடி தள்ளியிருக்கும் மோட்டாரை ஆரம்பப் புள்ளியாக்கியது வியாபாரம்.

தரை வேற, டர்ன்டேபிள் வேற

இந்த ஒரு விஷயத்தை வெளிநாட்டு விமர்சனம் படித்து வாங்குகிறவர்கள் கவனிப்பதே இல்லை. உயர் ரக டர்ன்டேபிள்களில் ஒரு பெரிய குடும்பம் ஸ்பிரிங்கில் மிதப்பது. 1961-ல் அமெரிக்காவின் ஏ.ஆர். நிறுவனத்துக்காக எட்கர் வில்ச்சர் செய்த எளிய டர்ன்டேபிளிலிருந்து தொடங்கி தோரன்ஸ், லின் என்று இந்த வழி வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகளின் தரை மரப்பலகை. ஒருவர் அறைக்குள் நடந்தாலே ஊசி குதிக்கும். அங்கே ஸ்பிரிங் ஒரு வரப்பிரசாதம்.

நம் வீட்டுத் தரை கான்கிரீட், அதன் மேல் மொசைக்கோ டைல்ஸோ. பேரன் குதித்து விளையாடினாலும் ஊசிக்குத் தெரியாது. அதனால், அடிக்கடி சமன் செய்ய வேண்டிய ஸ்பிரிங் அமைப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கும் காரணம் இங்கே பாதிக்கு மேல் காணாமல் போகிறது. 1973-ல் தொடங்கிய இங்கிலாந்தின் ரீகா நிறுவனம் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தது: ஸ்பிரிங் வேண்டாம், எடை வேண்டாம், லேசாகவும் விறைப்பாகவும் செய். அவர்களுடைய பிளானார் 3 வகை டர்ன்டேபிள் நம் வீடுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரே எச்சரிக்கை, ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேஜையில் வைக்காதீர்கள். தரை வழியாக வராத அதிர்வு மேஜை வழியாக வந்துவிடும்.

நடு ஓட்டை செய்யும் கூத்து

0.025 சதவீதம் என்றோம் இல்லையா? இப்போது உங்கள் தட்டின் நடுவில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். அது சரியான மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், தட்டின் நடுப்பகுதியில் ஊசிக்குக் கிடைக்கும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் அரை சதவீதம் ஏறி, அரை சதவீதம் இறங்கும். உயர் ரக மோட்டாரின் பிசகைவிடப் பத்து மடங்குக்கும் மேல். தட்டு சுற்றும்போது டோன்ஆர்ம் இடமும் வலமும் ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீண்டு நிற்கும் நாகஸ்வர நாதத்தையோ வயலின் கார்வையையோ கேட்டால் அந்த அலைவு நன்றாகத் தெரியும்.

1980-களில் ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் இந்த மையப் பிசகைத் தானே அளந்து, தட்டை நகர்த்திச் சரிசெய்யும் டர்ன்டேபிளைச் செய்தது. அபாரமான வேலை. ஆனால் அந்த வழி பரவவில்லை. இன்றைக்கு 20 லட்சம் ரூபாய் டர்ன்டேபிளிலும் ஓட்டை விலகிய தட்டு விலகித்தான் ஓடும். பழைய படப் பாட்டுத் தட்டுகளில் இதை நான் நிறையவே பார்க்கிறேன். ஆகவே தட்டைக் கடையில் வாங்கும்போதே ஓட விட்டுப் பார்ப்பது, மோட்டாருக்கு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

காதை மட்டும் நம்பி விலை பேசுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் விலை உயர்ந்த மறுபதிப்புகளுக்குப் பேர்போனது. அசல் நாடாவிலிருந்து டிஜிட்டல் கலப்பே இல்லாமல் வருகிறது என்று நம்பித்தான் ரசிகர்கள் வாங்கினார்கள். நடுவில் டிஜிட்டல் படி ஒன்று இருக்கிறது, அதுவும் பல வருடங்களாக இருக்கிறது என்பது 2022-ல் வெளியே வந்தது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. அதுவரை ‘டிஜிட்டல் வாடையே இல்லை’ என்று அந்தத் தட்டுகளைக் கொண்டாடியவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து ஒலி அமைப்பு வைத்திருப்பவர்கள்தான். டர்ன்டேபிள் விமர்சனங்களில் வரும் ‘திரை விலகியது போல் இருந்தது’ வகை வாக்கியங்களை நான் அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் மெதுவாகவே படிக்கிறேன்.

ஊசிதான் விஷயமே

எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஊசி நொடிக்குச் சுமார் 51 செ.மீ. கடக்கிறது. உள்ளே, கடைசிப் பாட்டின் முடிவில், 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அந்த நெருக்கடிக்குள் போய்ப் படிக்கும் அளவுக்கு ஊசி முனை சன்னமாக இல்லை என்றால் எஸ். ஜானகியும் பி. சுசீலாவும் ‘ஸ’ சொல்லும் இடமெல்லாம் சீறும். தட்டு போச்சு என்று நினைப்பீர்கள். பல நேரம் தட்டு நன்றாகத்தான் இருக்கும்.

முனை வடிவம்தான் காரணம். விலை குறைந்த ஊசி கூம்பு வடிவம். அடுத்தது நீள்வட்டம். அதற்கு மேல் மைக்ரோலைன், ஷிபாட்டா போன்ற மெல்லிய, பள்ளச் சுவரை நெடுக்கில் தொடும் முனைகள். இவை நெருக்கமான நெளிவுக்குள் போகும். அழுத்தத்தைக் கூடுதல் பரப்பில் பரப்புவதால் தட்டும் குறைவாகத் தேயும். இன்னொரு நன்மை, பழைய கூம்பு ஊசி தொட்டுத் தேய்த்த பகுதிக்கு மேலோ கீழோ சுவரின் தேயாத இடத்தை இவை தொடக்கூடும். மூர் மார்க்கெட் பக்கம் வாங்கிய தட்டு வேறு ஊசி மாட்டியதும் பாதி இரைச்சலை விட்டுவிடுவது இதனால்தான்.

ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசை இதைச் சோதித்துப் பார்க்க வசதியானது. கார்ட்ரிட்ஜ் உடம்பு ஒன்றுதான். கூம்பு, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று ஊசியை மட்டும் கையால் கழற்றி மாற்றலாம். நடுத்தர டர்ன்டேபிளில் நீள்வட்டத்தை எடுத்துவிட்டு மைக்ரோலைன் போட்டு, ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். டர்ன்டேபிளை இரண்டு மடங்கு விலைக்கு மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் வராது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முனை வடிவமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் டெனான் நிறுவனம் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக 1960-களில் உருவாக்கிய டி.எல்.-103 இன்றும் விற்பனையில் இருக்கிறது. முனை வெறும் கூம்பு. எடை 2.5 கிராம் வைக்க வேண்டும். பெரிய பெரிய டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள்கூட அதன் குரல் தெளிவுக்காக அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் தேய்ந்த தட்டுக்கு அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

டி.எல்.-103 போன்ற மூவிங் காயில் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊசியை நாமே மாற்ற முடியாது. தேய்ந்தால் முழு கார்ட்ரிட்ஜும் போக வேண்டியதுதான், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். சுங்கம், கூரியர், காத்திருப்பு எல்லாம் உண்டு. வீட்டில் யாரோ துணியால் ஒரு தட்டு தட்டினால் அந்தக் கம்பி ஒடிந்துவிடும். அதனால் இங்கே வாங்குகிறவருக்கு மூவிங் மேக்னெட் வகைதான் என் சிபாரிசு. ஊசி ஒடிந்தால் ஊசியோடு போகும்.

ஊசிக்கு ஆயுசும் உண்டு. முனையைப் பொறுத்து 500-லிருந்து 1,000 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்றரை வருடத்தில் 500 வந்துவிடும். தேய்ந்த முனை உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கும். எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று சிலர் 1 கிராமுக்கு இறக்குகிறார்கள், அது இன்னும் மோசம். ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவரில் மோதும். கார்ட்ரிட்ஜ் நிறுவனம் சொல்லும் எடைக்கு நடுவில் வையுங்கள். அதை அளக்கும் குட்டி டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்தான். சூட்கேஸ் மாதிரி வரும் அழகான மலிவு ப்ளேயர்களில் பல நாலைந்து கிராம் அழுத்துகின்றன. தாத்தா தட்டை அதில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

மோனோ, 78, அப்புறம் கரண்ட்

1970-களின் பிற்பகுதி வரை நம் படப் பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. மோனோ பள்ளத்தில் பாட்டு பக்கவாட்டு நெளிவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்-கீழ் அசைவையும் படிக்கும். அதில் வருவது தூசியும் தேய்மானமும்தான். ஆம்ப்ளிஃபையரிலோ போனோ ஸ்டேஜிலோ மோனோ ஸ்விட்ச் இருந்தால் அதைத் தட்டிவிடுங்கள், எம்.எஸ்.வி. காலத்துத் தட்டுகளில் படபடப்பு சட்டென்று அடங்கும். 5 லட்ச ரூபாய் டர்ன்டேபிள் செய்யாத வேலையை இந்த ஒரு ஸ்விட்ச் செய்யும். ஆனால் புதிய ஆம்ப்களில் பலவற்றில் இது கிடையாது. அதனால் போனோ ஸ்டேஜ் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்து 78 தட்டுகள் வைத்திருந்தால் கணக்கே வேறு. ரீகா பிளானார் 3 போன்ற பல மாடல்களில் 33-ம் 45-ம்தான்; 78 கிடையாது. டெக்னிக்ஸ் ஜி, ஜி.ஆர். இரண்டிலும் உண்டு. 78-ன் பள்ளம் அகலமானது என்பதால் ஊசியும் தடிமனாக வேண்டும், எல்.பி. ஊசி அதன் அடியில் போய்க் குப்பையில் புரளும். மேலே சொன்ன வி.எம்.95 உடம்புக்கே 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது. இந்த அரக்குத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் செகண்ட் ஹேண்டாக வரும் நல்ல டர்ன்டேபிள்கள் ஆசை காட்டும். வோல்டேஜ் 100 அல்லது 120 என்பது எல்லோருக்கும் தெரியும், டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கொள்வார்கள். ஹெர்ட்ஸ்தான் மறந்துபோகும். கரண்டின் ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றும் பழைய ஏ.சி. மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்திருந்தால், நம்ம 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 5 கட்டையில் பாடிய பாடகி 3 கட்டைக்கு இறங்கிவிடுவார்! புல்லி மாற்றினால் சரியாகும், கிடைத்தால். (மின்தொகுப்பின் அலைவெண் 48 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கிய காலமும் உண்டு. அன்றைக்கு இந்த மாதிரி மோட்டாரில் கேட்டவர்கள் எல்லோரும் சுருதி குறைந்த பாட்டைத்தான் கேட்டார்கள்.) குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெல்ட்டும் கிடையாது. நம் வெயிலில் ரப்பர் பெல்ட் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே என் ஓட்டு டைரக்ட் டிரைவுக்கு.

சரி, அந்த 3 லட்சத்தை என்ன செய்யலாம்?

பாதிக்கு மேல் டர்ன்டேபிளுக்குப் போக விட மாட்டேன். மீதியில் முதலில், தட்டு கழுவி உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் இயந்திரம் ஒன்று. பரணில் 30 வருடம் கிடந்து பூஞ்சை பிடித்த தட்டுகளுக்கு அதைவிடப் பெரிய மேம்பாடு எதுவும் கிடையாது. அடுத்து மைக்ரோலைன் அல்லது ஷிபாட்டா முனை. பிறகு மோனோ ஸ்விட்ச் உள்ள போனோ ஸ்டேஜ். ஊசியின் கோணத்தை அளவுகோல் வைத்துச் சரியாகப் பொருத்தத் தெரிந்த ஒருவருக்குக் கூலி. வெறும் கண் அளவில் மாட்டிய 1 லட்ச ரூபாய் கார்ட்ரிட்ஜைவிட, சரியாக மாட்டிய 10,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் நன்றாகப் பாடும்.

“இதெல்லாம் எதுக்கு, போன்லயே பாட்டு வருதே” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வசதியிலும் இரைச்சலின்மையிலும் சி.டி.யும் ஸ்ட்ரீமிங்கும் ஜெயிக்கும். தட்டில் சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் இடையே உள்ள தூரம் சி.டி.யைவிடக் குறைவு. ஆனால் இணையத்தில் இருக்கும் பழைய பாட்டுகளில் கேசட்டிலிருந்து ஏற்றியவை, மோனோவைப் பிய்த்துப் போலி ஸ்டீரியோ ஆக்கியவை, எதிரொலி சேர்த்தவை எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். சில பாட்டுகள் இணையத்தில் இல்லவே இல்லை. அந்த மாதிரித் தட்டு உங்களிடம் இருந்தால், அதை நன்றாகக் கழுவி, நல்ல ஊசியில் ஒரு தடவை ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிந்துவையுங்கள். நடுத்தர டர்ன்டேபிளே இதற்குத் தாராளம்.

கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் 180 கிராம் ஜாஸ் தட்டைக் கேட்டு மயங்காதீர்கள். அது எதில் போட்டாலும் நன்றாகவே இருக்கும். உங்கள் தட்டுகளில் மூன்றை எடுத்துப் போங்கள்: ஒன்று மோனோ, ஒன்று 80-களின் ஸ்டீரியோ, ஒன்று கொஞ்சம் கீறல் விழுந்தது. ஒவ்வொன்றிலும் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். பிறகு, இந்த மாடலுக்கு மாற்று ஊசி உள்ளூரில் கிடைக்குமா, எத்தனை நாளில், என்ன விலை என்று கேளுங்கள். “இம்போர்ட் பண்ணணும் சார், ரெண்டு மாசம் ஆகும்” என்று பதில் வந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள்.